15,000 மணி நேர விளக்கு ஏன் ஓராண்டில் அணைகிறது?

மாணவர்களே, வீட்டில் கடைசியாக வாங்கிய எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டி இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் 15,000 மணி நேரம் என்றோ 25,000 மணி நேரம் என்றோ அச்சிட்டிருப்பார்கள். அது விளக்கின் ஆயுள். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரியும் வரவேற்பறை விளக்கு என்று வைத்துக்கொண்டால், 15,000 மணி நேரம் என்பது 3,000 நாள். எட்டு ஆண்டுக்கும் மேல்! முதலாம் படிவத்தில் சேர்ந்த ஆண்டில் மாட்டிய விளக்கு, நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. பிறகு ஒரு நாள் சுவிட்சைத் தட்டினால் எரிவதில்லை. "இப்ப வர்ற சாமான் எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்புகிறார்கள். அட்டையில் அச்சிட்டது பொய்யா? மின்சாரத்தில் கோளாறா? அல்லது நாம் விளக்கை மாட்டும் விதத்தில் தவறா? இந்த வாரம் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்க பினாங்கை விடப் பொருத்தமான ஊர் குறைவு.

தீவில் பிறக்கும் ஒளி

1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது வந்து சேர்ந்த எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் அழைக்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி, ஹெவ்லெட்-பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவை அவை. இவற்றில் லிட்ரோனிக்ஸ், எல்இடி செய்வதற்கென்றே இருந்த அமெரிக்க நிறுவனம். அது பின்னர் சீமென்ஸ் கைக்கு மாறி, அதன் பிறகு ஒஸ்ராம் ஆனது. லுமிலெட்ஸ் என்ற மற்றொரு பெரிய எல்இடி நிறுவனத்தின் ஆலையும் பாயான் லெப்பாசில்தான் இருக்கிறது. 2017-இல் ஒஸ்ராம் நிறுவனம் கெடாவின் கூலிமில் ஒரு பெரிய எல்இடி சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது.

உங்கள் அம்மாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ இத்தகைய ஆலை ஒன்றில் மூன்று ஷிப்ட் வேலை பார்த்தவராக இருக்கலாம். அங்கே உருவாகும் எல்இடிகள் கார் முகப்பு விளக்கிலும், கைத்தொலைபேசியிலும், தெருவிளக்கிலும் உலகம் முழுவதும் எரிகின்றன. அவை எளிதில் சாவதில்லை. அப்படியானால் அதே வகைப் பொருளை வைத்துச் செய்த வீட்டு விளக்கு மட்டும் ஏன் சீக்கிரம் சாகிறது? இதற்கு விடை தேட, முதலில் உங்கள் தாத்தா காலத்துக் குண்டு பல்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

குண்டு பல்பு எப்படிச் செத்தது?

பழைய குண்டு பல்பின் உள்ளே இருப்பது டங்ஸ்டன் என்ற உலோகத்தாலான மெல்லிய இழை. மின்சாரம் பாயும்போது அது ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி ஒளிர்கிறது. டங்ஸ்டன் 3,422 டிகிரியில்தான் உருகும் என்பதால் இந்தச் சூட்டிலும் உருகாமல் நிற்கிறது. ஆனாலும் அதன் மேற்பரப்பிலிருந்து அணுக்கள் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்துப் போவது இந்த ஆவி படிவதால்தான்.

இழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. எங்கேயோ ஓரிடம் சற்றே மெலிகிறது. மெலிந்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் அந்த இடம் இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாக ஆவியாகும். கடைசியில் அந்த இடத்தில் இழை அறுந்துவிடும்.

குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில்தான் 'டப்' என்று போகும். அதற்கும் காரணம் உண்டு. ஓம் விதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். 240 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பில் ஓடுவது 0.25 ஆம்பியர். அப்படியானால் சூடான இழையின் மின்தடை 960 ஓம். ஆனால் குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமார் 70 ஓம் என்று வைத்துக்கொண்டால், சுவிட்சைப் போட்ட கணத்தில் 3 ஆம்பியருக்கும் மேல் பாய்கிறது. ஏற்கனவே மெலிந்து கிடக்கும் இழைக்கு அந்த ஒரு கணம் போதும்.

மின்னழுத்தமும் குண்டு பல்பின் பெரிய எதிரி. பல்பில் குறித்திருப்பதை விட 5 விழுக்காடு கூடுதலான வோல்ட் கொடுத்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். 220 வோல்ட் என்று குறித்த பல்பை 240 வோல்ட் இணைப்பில் மாட்டினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மலேசியாவில் 2008 வரை வீட்டு மின்சாரம் 240 வோல்ட் என்றே குறிக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் அது 230 வோல்ட் ஆனது. கூடுதலாக 10 விழுக்காடும், குறைவாக 6 விழுக்காடும் ஏற்கத்தக்க எல்லை. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை எது வந்தாலும் அது விதிக்கு உட்பட்டதே.

ஆயுளுக்கு ஒரு விலை

இனி உலக வரலாற்றில் ஒரு சுவையான பக்கத்தைப் புரட்டுவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் ஒரு பல்பு 1901 முதல் எரிந்து வருகிறது. ஜார்ஜ்டவுன் நகரசபை சுங்கை பினாங்கில் மின்நிலையம் அமைத்து நகருக்கு மின்சாரம் கொடுத்தது 1904-இல். அதற்கும் முந்திய பல்பு அது. இடம் மாற்றியபோதும், மின்சாரம் போனபோதும் சற்று நேரம் அணைந்ததைத் தவிர இன்னும் எரிகிறது.

"அந்தக் காலத்தில் நன்றாகச் செய்தார்கள், இப்போது வேண்டுமென்றே கெட்டுப்போகச் செய்கிறார்கள்" என்று பலர் இதைக் காட்டிச் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. 1924 டிசம்பரில் ஜெனீவா நகரில் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டதோடு, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக வைத்துக்கொள்ளவும் முடிவு செய்தன. அதை மீறி நீண்ட நாள் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் அந்தக் கூட்டணி கலைந்தது. ஒஸ்ராம், பிலிப்ஸ் என்ற அதே பெயர்கள் பிற்காலத்தில் பாயான் லெப்பாசிலும் தென்பட்டன. லுமிலெட்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் பிலிப்சுக்குச் சொந்தமாக இருந்தது.

ஆனால் அறிவியல் மாணவர் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். லிவர்மோர் பல்பு இன்று ஏறத்தாழ 4 வாட் அளவில் மங்கலாகத்தான் எரிகிறது. அந்த வெளிச்சத்தில் பாடம் படிக்க முடியாது. இழையின் சூட்டைக் குறைத்தால் ஆயுள் பல மடங்கு கூடும். ஆனால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளி வெகுவாகக் குறையும். பல்பு வாங்கும் செலவில் மிச்சம் பிடித்து மின்கட்டணத்தில் இழக்க வேண்டியதுதான். பிரிட்டனின் ஏகபோக வாணிப ஆணையம் 1951-இல் இதை ஆராய்ந்தபோது, 1,000 மணி நேரம் என்பது ஒளிக்கும் ஆயுளுக்கும் இடையே ஏற்கத்தக்க ஒரு சமரசம் என்றே கருதியது.

ஆக, ஒரு விளக்கின் ஆயுளை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு சூட்டில், எவ்வளவு செலவில் ஓட்டுவது என்று மனிதர்கள் எடுக்கும் முடிவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எல்இடிக்கு வருவோம்.

எல்இடியில் எரிவதற்கு எதுவும் இல்லை

மின்சாரத்தை மிச்சப்படுத்த மலேசியா குண்டு பல்புகளைப் படிப்படியாக ஒதுக்கியது. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் எல்இடிதான். குண்டு பல்பு 60 வாட் செலவழித்துத் தந்த ஒளியை எல்இடி 9 வாட்டில் தருகிறது.

எல்இடி என்பது ஒரு குறைக்கடத்திச் சில்லு. அதில் இழை இல்லை. ஆவியாகும் உலோகமும் இல்லை. சில்லுக்குள் எலக்ட்ரான் ஒரு மின்துளையுடன் சேரும்போது மிச்சமாகும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. வீட்டு விளக்கில் சில்லு தருவது நீல ஒளி. அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பொருள் அந்த ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல எல்இடி 'டப்' என்று போவதில்லை. பல்லாயிரம் மணி நேரம் எரிந்து மெல்ல மெல்ல மங்கும். ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறைவதையே அதன் ஆயுளின் முடிவு என்று கணக்கிடுவது வழக்கம்.

சிக்கல் சூட்டில் தொடங்குகிறது. "எல்இடி சூடாகாது" என்று பலர் நினைக்கிறார்கள். 9 வாட் விளக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 6 வாட் வெப்பம்தான். குண்டு பல்பு இதைவிடப் பல மடங்கு வெப்பத்தைக் கொட்டியது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராக வெளியே பறந்துவிட்டது. மேலும், சூடாக இருப்பதுதான் அந்த இழையின் வேலையே. எல்இடியில் வெப்பம் கதிராகப் பறப்பதில்லை. சில்லின் அடியிலிருந்து அலுமினியத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து விளக்கின் உடலுக்கும், உடலிலிருந்து காற்றுக்கும் கடத்தப்பட்டே வெளியேற வேண்டும். இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் உள்ளே சூடு தேங்கும். சூடு தேங்கினால் சில்லு சீக்கிரம் மங்கும்.

உண்மையில் சாவது யார்?

செத்துப்போன எல்இடி விளக்குகள் பலவற்றில் சில்லுகள் நல்ல நிலையிலேயே இருக்கும். போயிருப்பது விளக்கின் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய மின்சுற்று.

ஒரு வெள்ளை எல்இடிச் சில்லுக்குத் தேவை ஏறத்தாழ 3 வோல்ட் நேர்மின்னோட்டம். நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம், ஒரு நொடிக்கு 50 சுழற்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் இயக்கி மின்சுற்று. டையோடுகள், ஒரு சிறிய ஐசி, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி ஆகியவை அதில் இருக்கும்.

இவற்றில் பலவீனமானது பெரும்பாலும் மின்தேக்கி. சிறிய உருளை வடிவில் இருக்கும் அதன் உள்ளே மின்பகுளி என்ற திரவத்தில் நனைத்த தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சூடு ஏற ஏற அந்தத் திரவம் மெல்ல உலர்கிறது. உலர உலர மின்தேக்கியால் மின்னோட்டத்தைச் சீராக வைக்க முடிவதில்லை. விளக்கு மினுக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும். 10 டிகிரி இறங்கினால் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் மலிவான மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 95 டிகிரியில் அது 4,000 மணி நேரம் தாங்கும். 85 டிகிரியில் 8,000 மணி நேரம். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். ஒரே மின்தேக்கிதான், இருக்கும் இடத்தின் சூடு 20 டிகிரி கூடினால் 16,000 மணி நேரம் 4,000 ஆகச் சுருங்குகிறது. எட்டு ஆண்டு இரண்டு ஆண்டாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. விளக்கின் உள்ளே பல சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்றின் இணைப்பு அறுந்தாலும் மொத்தச் சுற்றும் நின்றுவிடும். கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படித்தவர்கள் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சில்லு ஈராண்டு தாங்க 99 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 20 சில்லுகளும் தாங்க வேண்டுமென்றால் 0.99-ஐ 20 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.82. நூறு விளக்கில் பதினெட்டு ஈராண்டுக்குள் அணைந்துவிடும்! சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் விளக்கு சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்குகிறது. ஈயப் பற்றுகளுக்கு இது நாள்தோறும் நடக்கும் இழுபறி. இந்த இழுபறியாலும் இணைப்புகள் விரிசல் விடும்.

நம் வீட்டுக் கூரையின் கீழ்

இப்போது விளக்கை விட்டுவிட்டு அது மாட்டப்பட்டிருக்கும் இடத்தைப் பார்ப்போம். அட்டையில் உள்ள ஆயுள் பொதுவாக 25 டிகிரி அளவிலான அறை வெப்பத்தில், காற்றோட்டமாக எரியும் விளக்குக்கானது. பினாங்கில் பகலில் நிழலிலேயே 30 டிகிரியைத் தாண்டும். நாள் முழுக்க வெயில் வாங்கிய துத்தநாகக் கூரைக்கும் சீலிங் பலகைக்கும் இடையே உள்ள காற்று அதைவிடச் சூடு. அந்த இடைவெளிக்குள் பதித்த விளக்குக்கு அந்தி சாய்ந்த பிறகும் குளிர்ந்த காற்று கிடைப்பதில்லை.

அடுத்து, கண்ணாடி மூடி. அழகுக்காகவும் பூச்சி நுழையாமலிருக்கவும் பலர் விளக்கைச் சுற்றிலும் மூடிய கூட்டுக்குள் மாட்டுகிறார்கள். கழிவறையிலும் வாசலிலும் இது சாதாரணம். குண்டு பல்புக்கு அந்தக் கூடு தொல்லை தரவில்லை. எல்இடிக்கு அது போர்வை போர்த்திய மாதிரி. உள்ளே உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே விளக்கு வேகிறது. பல விளக்குகளின் அட்டையில் மூடிய கூட்டுக்குள் மாட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கும்.

விளக்கு தொங்கும் திசையும் முக்கியம். கூரையிலிருந்து தொங்கும் விளக்கில் சில்லுகள் கீழே, இயக்கி மின்சுற்று மேலே. சூடான காற்று மேலே ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே கீழே உண்டாகும் சூடு நேராக மின்தேக்கி இருக்கும் கழுத்துக்குள் போய்ச் சேர்கிறது.

எரியும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாமி மேடையில் இரவு பகலாக எரியும் சிறு விளக்கு நாளைக்கு 24 மணி நேரம் எரிகிறது. 15,000 மணி நேரம் அதற்கு 625 நாள்தான். இரண்டு ஆண்டு கூட ஆகாது. அஞ்சடியில் அந்தி முதல் விடியல் வரை 12 மணி நேரம் எரியும் விளக்குக்கு 1,250 நாள், அதாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இவை இரண்டும் சீக்கிரம் அணைந்தால் விளக்கைக் குறை சொல்ல முடியாது. அவை தங்கள் ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கின்றன.

மின்னல், தளர்ந்த ஹோல்டர், நியூட்ரல்

சூட்டுக்கு அடுத்த எதிரி மின் அதிர்வு. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் மின்கம்பியில் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். நல்ல இயக்கி மின்சுற்றில் அதைத் தாங்க ஒரு பாதுகாப்பு உறுப்பு இருக்கும். சில சென் மிச்சம் பிடிக்க மலிவான விளக்குகளில் அதை விட்டுவிடுவதுண்டு. ஒரே இடிமழையில் வீட்டில் இரண்டு மூன்று விளக்கு சேர்ந்தாற்போல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஹோல்டரில் விளக்கு இறுக்கமாக உட்காராவிட்டால் அங்கே சிறு தீப்பொறி எழும். பழைய கடைவீடுகளில் துருப்பிடித்த ஹோல்டர்கள் ஏராளம். புது விளக்கு மாட்டியும் ஒரே இடத்தில் மட்டும் அடிக்கடி போகிறது என்றால் விளக்கை விட்டுவிட்டு ஹோல்டரைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சில விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், அல்லது மின்விசிறி வழக்கத்துக்கு மாறாக வேகமெடுத்தால், நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிட மிகக் கூடுதலாக வரக்கூடும். விளக்கு மட்டுமல்ல, குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. உடனே பெரியவர்களிடம் சொல்லி மெயின் சுவிட்சை அணைக்கச் செய்யுங்கள். தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். இதை நீங்களே திறந்து பார்க்கக் கூடாது.

அட்டையில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது?

15,000 மணி நேரம் என்பது இரவு பகல் விடாமல் எரித்தாலும் ஒன்றே முக்கால் ஆண்டு. 50,000 மணி நேரம் என்றால் ஐந்தரை ஆண்டுக்கு மேல். ஒரு விளக்கை ஐந்தரை ஆண்டு எரித்துப் பார்த்துவிட்டு விற்பனைக்குக் கொண்டு வந்தால் அதற்குள் அந்த ரகமே பழசாகிவிடும். எனவே எல்இடிகளைப் பொதுவாக 6,000 மணி நேரமோ அதற்கு மேலோ எரித்து, ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளந்து, அந்தக் கோட்டை வரைபடத்தில் நீட்டி மீதியைக் கணிக்கிறார்கள்.

இந்தச் சோதனை சில்லுக்கு உரியது. கழுத்துக்குள் இருக்கும் மின்தேக்கிக்கு அது பொருந்தாது. முழு விளக்கின் ஆயுளைச் சொல்லும்போதும் அது ஒரு சராசரிதான்: நூறு விளக்கு எரித்தால் அந்த நேரத்தில் ஏறத்தாழ ஐம்பது எரிந்துகொண்டிருக்கும், ஐம்பது அணைந்திருக்கும் என்பதே பொருள். ஒவ்வொரு விளக்கும் அத்தனை மணி நேரம் எரியும் என்ற உறுதிமொழி அதில் இல்லை.

நீண்ட நாள் எரியும் விளக்கைச் செய்ய முடியுமா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2016-இல் துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸ் விளக்கு நிறுவனமும் சேர்ந்து 'துபாய் லேம்ப்' என்ற விளக்கை அறிமுகம் செய்தன. 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றான அதன் வகை 3 வாட் மின்சாரத்தில் 600 லுமென் ஒளி தருகிறது. ஒரு வாட்டுக்கு 200 லுமென்! ஆயுள் 25,000 மணி நேரம் என்றார்கள்.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. சாதாரண விளக்கில் குறைந்த எண்ணிக்கையில் சில்லுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தைக் கூட்டி, கசக்கிப் பிழிந்து ஒளியை எடுக்கிறார்கள். இதில் சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றையும் குறைந்த மின்னோட்டத்தில் மெல்ல ஓட்டினார்கள். மெல்ல ஓடும் சில்லு சூடாவதில்லை. சூடாகாததால் ஒளியும் கூடுதல், ஆயுளும் கூடுதல். குண்டு பல்பில் ஒளி வேண்டுமென்றால் ஆயுளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எல்இடியில் இரண்டையும் சேர்த்தே பெறலாம். விட்டுக்கொடுக்க வேண்டியது வாங்கும் விலையில் மட்டும். கூடுதல் சில்லு என்றால் கூடுதல் பணம்.

இன்று ஆயுளைக் குறைக்க எந்த ஜெனீவாக் கூட்டமும் தேவையில்லை. அலமாரியில் 5 வெள்ளி விளக்கும் 12 வெள்ளி விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலோரின் கை எதை எடுக்கும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். அந்த 5 வெள்ளிக்குள் அடங்க அலுமினியம் மெலிகிறது, மின்தேக்கி மலிவாகிறது, சில்லு குறைகிறது. ஒரு வீட்டில் 12 விளக்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 5 வெள்ளி விளக்கு ஆண்டுக்கு ஒரு முறை போனால் ஐந்தாண்டுக்கு 300 வெள்ளி. 12 வெள்ளி விளக்கு ஐந்தாண்டு தாங்கினால் 144 வெள்ளி. முதல் வகையில் 60 விளக்கு குப்பைக்குப் போகும். இரண்டாவது வகையில் 12. விலை கூடியது எல்லாம் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். எது உண்மையில் தாங்குகிறது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் வீடே போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. புது விளக்கு மாட்டும் நாளன்று அதன் கழுத்தில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

2. ஒரு நோட்டில் அட்டவணை போடுங்கள்: எந்த அறை, என்ன ரகம், எத்தனை வாட், விலை, நாளைக்கு எத்தனை மணி நேரம், மூடிய கூடா திறந்ததா, அணைந்த தேதி. வகுப்பில் முப்பது பேர் ஓராண்டு இப்படிக் குறித்தால் முந்நூறு விளக்குக்கு மேல் தகவல் சேரும். எந்த இடத்தில் விளக்கு சீக்கிரம் சாகிறது என்று அதுவே சொல்லும்.

3. மூடிய கூட்டுக்குள் 12 வாட் விளக்கு அடிக்கடி போகிறதா? அங்கே 5 அல்லது 7 வாட் விளக்கை மாட்டிப் பாருங்கள். உள்ளே தேங்கும் சூடு குறையும்.

4. வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் விளக்குகளுக்குக் குறைந்தபட்ச மின்திறன் அளவு 2013 முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, ரசீதை அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் அணைந்தால் கடைக்குக் கொண்டு போய் மாற்றிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தேதி எழுதிய விளக்கும் ரசீதும் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

5. அணைந்த எல்இடி விளக்கை நீங்களாக உடைத்துப் பழுது பார்க்க முயலாதீர்கள். பல மலிவான விளக்குகளில் உள்ளே இருக்கும் பாகங்கள் நேரடியாக 230 வோல்ட்டோடு இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. சமையலறைக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அட்டவணை நிரம்பிய பிறகு அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்த ரகம், எந்த அறையில், எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகும் குடும்பத்திடம் அரை மனத்தோடு செய்த விளக்கை இரண்டாம் முறை விற்பது கடினம்.